மூன்றரை லிட்டர்

மதியழகனிடம் ஒரு வேலையை முடியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால், அதை முடித்துக் காட்டுகிறவரைக்கும் அவனுக்குச் சோறு இறங்காது, வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தூக்கம் வராது. பதினான்கு வருஷம் ஓடிய டீசல் கார் ஹெப்பால் மேம்பாலத்தின்மேல் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றுபோனபோது, ஒர்க்‌ஷாப்காரர் இன்ஜினைத் திறந்து பார்த்துவிட்டு, "இனி இத பாக்கறது வேஸ்ட் சார், வண்டிய எடைக்குப் போட்டுடுங்க" என்றார். அவ்வளவுதான். இரண்டே வாரத்தில், விபத்தில் நொறுங்கிய வேறொரு காரிலிருந்து கழற்றிய இன்ஜின் ஒன்று லிங்கராஜபுரத்து வீட்டுப் போர்ட்டிகோவில் பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தது.

"இத யாரு மாட்டப் போறது?" என்று கேட்டாள் அவன் மனைவி சங்கமித்ரா.

"நான்தான். உத்தமன் வருவான். வீடியோ எல்லாம் பாத்துட்டேன்."

மதியழகன் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட்டும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொள்கிறவன். ஜெனரேட்டரும் டீசல், காரும் டீசல், இதில் என்ன பெரிய வித்தியாசம் என்பது அவன் கட்சி. சங்கமித்ராவுக்கு அந்தக் கட்சியில் நம்பிக்கை இல்லை. தம்பிமேல் இருந்தது. உத்தமன் அவளுடைய ஒரே தம்பி. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எதையும் அளந்து செய்கிறவன். சட்னிக்கு உப்புக்கூட ஸ்பூனின் தலையை வழித்துவிட்டுத்தான் போடுவான் என்று அவன் மனைவி ஆஷா கிண்டல் செய்வாள். ஒன்பது வருஷம் காண்ட்ராக்டில் காலம் தள்ளியபிறகு, இப்போதுதான் அவனைப் பர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் பேர் வந்திருந்தது. மெடிக்கல் பரிசோதனை மட்டும் பாக்கி. அதுவும் அடுத்த மாதம் எட்டாம் தேதி.

"மெடிக்கல் முடியற வரைக்கும் அவன இதுல இழுக்காதீங்க. முதுகு கிதுகு புடிச்சிக்கப் போகுது" என்றாள் சங்கமித்ரா.

"முதுக நான் புடிச்சிக்கறேன். அவன் நட்டு புடிச்சா போதும்" என்றான் மதியழகன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே வேலை தன் லட்சணத்தைக் காட்டிவிட்டது. எதிர்வீட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஓஸ்வால்ட் தன் செயின் புல்லியைக் கொடுத்தார். அதைப் போர்ட்டிகோ உத்தரத்தில் கட்டிப் பழைய இன்ஜினைத் தூக்கினார்கள். இன்ஜின் ஓர் அடி எழும்பியதும், உத்தரத்தின் பூச்சு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து முன்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடியில் நட்டநடுவே விரிசல். மதியழகன் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்ததில், கீழே இறக்கி வைத்த கியர்பாக்ஸ் உருண்டு அவன் கட்டைவிரல் நகத்தைக் கொண்டுபோயிற்று. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை துருப்பிடித்த போல்ட் ஒன்று தலை உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டது. அதை எடுப்பதிலேயே பொழுது போயிற்று. அன்று சாயங்காலம் புது இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டுத் திருப்பும்போது அது ஆடி, சுவரில் இடித்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியும் அதன் குழாயும் ஒன்றாக மடங்கிப்போயின. இழுத்தால் வரவில்லை, அடித்தால் உடைந்தது.

"வேற கம்பியும் குழாயும் வாங்கிப் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணிக்கலாம் மாமா" என்றான் உத்தமன்.

"மூணரை லிட்டர் கொள்ளும்னு எழுதியிருக்கு. அளந்து ஊத்திட்டா அளவு பாக்க கம்பி எதுக்குடா?"

உத்தமன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். "அதுவும் சரிதான்" என்றான். அளந்து செய்கிற ஒருவனிடம் அளவைச் சொல்லி ஜெயித்துவிட்டதில் மதியழகனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை இன்ஜின் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. உத்தமன் இரண்டு நாள் சேர்ந்தாற்போல நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குமேல்தான் வருவதாகச் சொல்லியிருந்தான். ஓஸ்வால்ட் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"சும்னே அப்படியே ஸ்டார்ட் பண்ணாத மதி. விவேக் நகர் போயி, குழந்தை ஏசு கோயில்ல ஃபாதர் கிட்ட தீர்த்தம் வாங்கிட்டு வரட்டுமா? உங்க வழக்கப்படின்னா ஒரு எலுமிச்சம்பழமாவது வையி."

"எங்க வீட்ல எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்குத்தான் அண்ணே" என்றான் மதியழகன்.

அது உண்மைதான். கோலார் தங்கவயலில் சங்கமித்ராவின் அப்பா பௌத்தம் தழுவியவர். தன் கல்யாணத்தையே ராகுகாலம் பார்த்து, அதே நேரத்தில் வேண்டுமென்றே நடத்திக்கொண்டவர். மதியழகனின் வீடும் அந்தப் பிடிவாதத்தில் குறைந்ததல்ல. ஆனாலும் எல்லாவற்றையும் வாசலில் விரட்டிவிட்ட அந்த வீட்டுக்குள் கைராசி என்கிற ஒன்று மட்டும் எப்படியோ பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டிருந்தது. சங்கமித்ரா கையால் தொடங்கினால் விளங்கும் என்று அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு. டீச்சர்களில் யார் வீடு கட்டினாலும் முதல் செங்கல்லை அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவளுக்கு அது எரிச்சல்தான். மறுத்தால் திமிர் என்பார்களே என்று போய் வருவாள்.

"சங்கு, இங்க வா" என்று மதியழகன் கூப்பிட்டான். ஆயில் கேனின் மூடியைத் திருகி எடுத்து, புனலை இன்ஜினில் செருகினான். "நீ ஆரம்பிச்சு வையி. அப்புறம் ஓஸ்வால்ட் அண்ணன் ஒண்ணும் பேச மாட்டாரு."

அவள் கேனைத் தூக்கிச் சாய்த்தாள். தேன் நிறத்தில் முதல் சொட்டு விழுந்தது. அந்த நேரம் பார்த்து மதியழகனின் போன் அடித்தது. ஆபீஸில் லிஃப்ட் நின்றுபோய் யாரோ உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் போனில் கத்திக்கொண்டே தெருமுனை வரை போய்விட்டான். ஓஸ்வால்ட்டும் பட்டறைக்குத் திரும்பிவிட்டார்.

கைராசிக்கு இரண்டு சொட்டு போதும் என்பது சங்கமித்ராவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததனால்தான் கோபம் வந்தது. மூன்று வாரமாக இந்தப் போர்ட்டிகோவில் ஆண்கள் வேலை செய்கிறார்கள்; அவள் டீ போடுகிறாள், எண்ணெய்க் கறை கழுவுகிறாள். இப்போது வந்து இரண்டு சொட்டு விட்டுவிட்டு நகர வேண்டுமாம், கும்பாபிஷேகம் செய்கிற மாதிரி. கேனில் மூன்றரை லிட்டர் என்று போட்டிருந்தது. இன்ஜினுக்கு வேண்டியதும் மூன்றரை. அவள் நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாமல், முழு கேனையும் ஊற்றினாள். கடைசிச் சொட்டு வடியும்வரை கவிழ்த்துப் பிடித்திருந்தாள். மூடியைத் திருகினாள், புனலைத் துடைத்தாள், காலிக் கேனையும் மூடி அலமாரியில் வைத்தாள். நானும் ஒரு வேலை செய்தேன் என்று அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்ததால் உள்ளே போய்விட்டாள். பார்த்தால் அவர்களுக்கே தெரியும் என்று நினைத்தாள்.

உத்தமன் இரண்டு மணிக்கு வந்தான். கண்கள் சிவந்து, முகம் வீங்கியிருந்தது. தொழிற்சாலையில் நல்லது என்று சொன்னார்கள் என்று ஒரு புது மூன்றரை லிட்டர் ஆயில் கேனைத் தானே வாங்கிவந்திருந்தான். மதியழகன் காருக்கு அடியில் படுத்துப் புகைக்குழாயை முடுக்கிக்கொண்டிருந்தவன், அங்கிருந்தே, "ஆயில ஊத்திடு உத்தமா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்ளோ ஊத்துன?" என்றும் கேட்டான்.

"மூணரை மாமா. கரெக்டா."

சங்கமித்ரா அப்போது சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு அவள் காதில் விழவில்லை.

மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினார்கள். கியர் கம்பிகளை இன்னும் மாட்டவில்லை, ஏர் ஃபில்டர் டப்பாவையும் மாட்டவில்லை. ஓடுகிறதா என்று பார்க்கத்தானே, அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். இன்ஜின் இரண்டு முறை முக்கிவிட்டு மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. மதியழகன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி விசில் அடித்தான். சங்கமித்ரா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தாள். உத்தமன் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

ஐந்து நிமிஷம் ஒழுங்காக ஓடியது. பிறகு யாரும் மிதிக்காமலே அதன் சத்தம் ஏறத் தொடங்கியது. "காலை எடுங்க மாமா" என்றான் உத்தமன். "நான் மிதிக்கவே இல்லடா!" என்றான் மதியழகன். சத்தம் இன்னும் ஏறியது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி, போர்ட்டிகோவை நிறைத்து, வீட்டுக்குள் புகுந்தது. மதியழகன் சாவியைத் திருப்பி அணைத்தான். நிற்கவில்லை. சாவியை உருவியே எடுத்துவிட்டான். அப்போதும் நிற்கவில்லை. அளவுக்கு மீறி ஆயில் நிறைந்துவிட்டால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே காற்றுவழியாக உறிஞ்சிக் குடித்துக்கொண்டு ஓடும். அதற்குச் சாவியும் வேண்டாம், டீசலும் வேண்டாம். காற்றை அடைத்தால்தான் நிற்கும். கியரில் போட்டு முடக்கலாம் என்றால் கியர் கம்பியே இல்லை.

"பலகை! பலகை ஏதாவது எடுங்க!" என்று உத்தமன் கத்தினான். மதியழகன் புகையில் தடுமாறிக் கதவைத் திறந்துகொண்டிருந்தான். சங்கமித்ரா சமையலறைக்கு ஓடிச் சப்பாத்திப் பலகையை எடுத்தாள். அவள் திரும்பி வருவதற்குள் இன்ஜினின் அலறல் காது கிழிகிற அளவுக்குப் போய்விட்டது. வெடித்தால் மூன்று பேரும் போனோம் என்று உத்தமன் நினைத்திருக்க வேண்டும். கையிலிருந்த அழுக்குத் துணியைச் சுருட்டி, காற்றுக்குழாயின் வாயில் அழுத்தினான். குழாய் விரல் நீளம்கூட இல்லை. அதற்குப் பின்னால் காற்றை இழுக்கும் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. துணியை இழுத்தது. துணியோடு கையையும் இழுத்தது.

இன்ஜின் நின்றது. உத்தமன் கத்தவில்லை. "நின்னுடுச்சி மாமா" என்று மட்டும் சொன்னான். பிறகுதான் அவர்கள் அவன் கையைப் பார்த்தார்கள்.

வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் மூன்று போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் நடந்துகொண்டிருந்தபோது ஓஸ்வால்ட் போன் செய்தார். அடிப்பக்கத்து போல்ட்டைத் திறந்துவிட்டுப் பார்த்ததாகவும், எரிந்ததுபோக மீதியே ஐந்து லிட்டருக்குமேல் வடிந்ததாகவும் சொன்னார். மதியழகன் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"ரெண்டு கேனும் காலியா இருக்குதாம். தூக்கக் கலக்கத்துல ரெண்டையும் ஊத்திட்டான் போல" என்றான். பிறகு சங்கமித்ராவைப் பார்த்து, "நீ ரெண்டு சொட்டுதானே விட்ட?" என்று கேட்டான்.

பக்கத்தில் ஆஷா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் அவளும் தலையை நிமிர்த்திச் சங்கமித்ராவைப் பார்த்தாள். சங்கமித்ரா ஆஷாவின் முகத்தைப் பார்க்காமல் ஆமாம் என்று தலையாட்டினாள். இப்போதைக்கு ஆட்டுவோம், அவன் பிழைத்து வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் ஆட்டினாள். அந்த அப்புறம் ஆறு வாரம் ஆகியும் வரவில்லை.

முதல் வாரம் உத்தமன், "நான் ஒரு கேன்தான் மாமா ஊத்துனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இரண்டாவது வாரம், "ஒண்ணுதான் ஊத்துன மாதிரி ஞாபகம்" என்றான். மூன்றாவது வாரத்தில் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டான். ஒவ்வொரு தடவையும் சங்கமித்ரா பழச்சாறு பிழிந்துகொண்டு அங்கேயேதான் இருந்தாள். தன்னைக் கொன்றுபோடலாம் போல இருந்தது அவளுக்கு. ஆனால் சொல்ல மட்டும் முடியவில்லை. மதியழகன் காரைத் தார்ப்பாலின் போட்டு மூடி, பிறகு எடைக்கே போட்டுவிட்டான்.

எட்டாம் தேதி வந்து போயிற்று. ஃபிட்டர் வேலை இனி இல்லை என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் மேனேஜர் சுதீர் நல்ல மனுஷர். ஒன்பது வருஷத்தில் உத்தமன் கைப்பட்ட ஒரு பாகம்கூடத் திரும்பி வந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். செய்துமுடித்த பாகங்களை அளந்து பார்த்து, சரி, தப்பு என்று பிரிக்கும் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில், பர்மனென்டாகவே எடுத்துக்கொள்கிறோம், திங்கட்கிழமைக்குள் சேர்ந்துவிடு என்று ஆளனுப்பினார். உத்தமன் மாட்டேன் என்றுவிட்டான்.

சனிக்கிழமை காலை ஆஷா போன் செய்தாள். "அண்ணி, நீங்க ஒருதரம் வந்து சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பாரு. இந்த வேலையும் போச்சுன்னா அவரு இப்படியே செவுத்தப் பாத்துனு உக்காந்துடுவாரு."

ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. சங்கமித்ரா முக்கிலேயே இறங்கி நடந்தாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அவன் அடித்தாலும் சரி, இனி முகத்திலேயே முழிக்காதே என்றாலும் சரி, இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானம்.

உத்தமன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கையைத் துண்டுக்கு அடியில் வைத்திருந்தான்.

"ஏன்டா மாட்டேங்கற?"

"ரெண்டு கேன் ஊத்தினது கூட ஞாபகம் இல்லாதவன் அளவு பாக்கற வேலைக்குப் போலாமாக்கா?" சத்தம் போடாமல், தீர்மானமாகச் சொன்னான். "நான் சரின்னு விட்ட ஒரு பாகம் எங்கயாவது போயி உடைஞ்சா? யாருக்காவது கை போனா? எனக்கே என்னை நம்ப முடியலக்கா. விரல் போனது கூட பரவால்ல. இதுதான் தாங்க முடியல."

"உத்தமா, நீ ஒரு கேன்தான் ஊத்துன."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னொண்ண ஊத்துனது நான். காலைலயே. முழுசா ஊத்துனேன். ரெண்டு சொட்டு இல்ல, மூணரை லிட்டரும். உங்க யார்கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரில அவரு கேட்டப்ப பயத்துல பொய்யா தலையாட்டிட்டேன். நீ தப்பே பண்ணலடா. எல்லாம் நான் பண்ணது."

கதவோரம் நின்ற ஆஷா அப்படியே நின்றாள். உத்தமன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சங்கமித்ராவுக்குத் திக்கென்றது.

"நான் ஆறாவது படிக்கறப்ப அப்பா சைக்கிளத் தொலைச்சேனே, ஞாபகம் இருக்கா? அப்பவும் இப்படித்தான். 'நான்தான் பூட்ட மறந்தேன்'னு போயி நின்ன. முதுகு முழுக்க வாங்கிக் கட்டிக்கிட்ட."

"இது அப்படி இல்லடா. சத்தியமா."

"கைராசிக்கு யாராவது மூணரை லிட்டர் ஊத்துவாங்களாக்கா?"

"நான் ஊத்துனேன்! கோவத்துல ஊத்துனேன்!"

"யார்மேல கோவம்?"

இரண்டு சொட்டுமேல் கோபம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? உத்தமன் இடது கையால் போனை எடுத்து, மதியழகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, ஒரு கேன அக்காதான் ஊத்துச்சாம், இங்க வந்து சொல்லுது."

அந்தப் பக்கம் மதியழகன் பெருமூச்சு விடுவது கேட்டது. அவன் பொய் சொல்லாதவன். பொய்யாகவாவது ஆமாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"இல்லடா. நான்தானே மூடியத் தெறந்து கையில குடுத்தேன். ஆரம்பிச்சு வைன்னுதான் சொன்னேன். அன்னிக்கே ஆஸ்பத்திரில கேட்டனே, ரெண்டு சொட்டுதான்னு தலையாட்டுச்சே. ஆஷாவும் பாத்துச்சு. சங்கு, அவன் வேலைக்குப் போவணும்னு நீ இப்படிப் பேசற, எனக்குப் புரியுது. வேணாம்மா. அவனுக்கு இன்னும் கஷ்டமாயிடும்."

"நீங்க போன் பேசப் போயிட்டீங்க! நீங்க பாக்கல!" என்று சங்கமித்ரா அழுதுகொண்டே கத்தினாள். அவள் அழ அழ, அவர்களுக்கு அவள் சொல்வது பொய் என்பது இன்னும் உறுதியாகிக்கொண்டே போனது.

ஆஷா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க அண்ணி. உங்கள மாதிரி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்" என்று அவளும் அழுதாள்.

உத்தமன் போனை வைத்தான். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்தான்.

"மேனேஜருக்கு லெட்டர் குடுக்கணும். வேலைக்கு வரலன்னு. கன்னடத்துல எழுதணும், உனக்குத்தான் நல்லா வரும். எழுதிக் குடுக்கா."

"மாட்டேன்."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தாளைத் தொடைமேல் வைத்து, மிஞ்சிய சுண்டுவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தானே எழுதத் தொடங்கினான். முதல் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பேனா தாளைக் கிழித்தது. அதற்குப் பக்கத்தில் மறுபடியும் அதே எழுத்தைத் தொடங்கினான். நெற்றியில் வேர்வை அரும்பிவிட்டது. சங்கமித்ரா எவ்வளவு நேரம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். இன்ஸ்பெக்‌ஷன் வேலை தந்ததற்கு நன்றி. ஆனால் நடந்த விபத்து என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்தது, ஆகவே அளவு பார்க்கும் பொறுப்புக்கு நான் தகுதியானவன் அல்ல. அந்த இடம் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. உத்தமன் காத்திருந்தான். அவனுக்குக் கன்னடம் நன்றாகவே படிக்கத் தெரியும். ஒரு வார்த்தையை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவான். அவள் மாற்றவில்லை.

"படிச்சுக் காட்டுக்கா" என்றான்.

"நன்ன அஜாகரூகதெயிந்த..." என்று அவள் வாய்விட்டுப் படித்தாள். என் கவனக்குறைவால். இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து வந்து அவன் நம்பிய உண்மை அது ஒன்றுதான், அதுவும் அவன் பேரில் வந்தது.

"சரியா இருக்கு" என்றான் உத்தமன். தாளை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட முயன்றான்.